காடு கனமானது, கடல் வேகமானது: உலகின் நில, நீர்ச் சூழல்மண்டலங்கள்

பூமியில் உயிரோடு இருக்கும் அனைத்தையும் எடை போட்டால் என்ன வரும்? 2018இல் மூன்று ஆய்வாளர்கள் இந்தக் கணக்கைப் போட்டுப் பார்த்து ஒரு மதிப்பீட்டை வெளியிட்டார்கள். எல்லா உயிர்களின் உடலிலும் சேர்ந்திருக்கும் கார்பன் சுமார் 55,000 கோடி டன். அதில் 45,000 கோடி டன் தாவரங்களில் இருக்கிறது. அந்தத் தாவரங்களும் ஏறக்குறைய முழுக்க நிலத்தில் நிற்பவை. கடலில் ஒளிச்சேர்க்கை செய்யும் உயிர்கள் அத்தனையையும் திரட்டினாலும் 100 கோடி டன் அளவுக்குத்தான் வரும்.

இப்போது இன்னொரு கணக்கு. ஓர் ஆண்டில் ஒளிச்சேர்க்கையால் புதிதாக உருவாகும் உயிர்ப்பொருளில் நிலத்தின் பங்கு எவ்வளவு, கடலின் பங்கு எவ்வளவு? செயற்கைக்கோள் தரவுகளை வைத்து 1998இல் வெளியான கணிப்பின்படி, மொத்தம் ஆண்டுக்குச் சுமார் 10,500 கோடி டன் கார்பன். அதில் நிலத்தின் பங்கு பாதிக்குச் சற்று அதிகம். கடலின் பங்கு பாதிக்குச் சற்றுக் குறைவு.

நிலத்துத் தாவரங்களின் எடையில் நானூற்றில் ஒரு பங்குகூட இல்லாத கடல் மிதவைகள் (நீரில் மிதந்து ஒளிச்சேர்க்கை செய்யும் நுண்ணுயிர்கள்), ஆண்டு விளைச்சலில் நிலத்துக்கு ஏறக்குறைய ஈடுகொடுக்கின்றன. நிலச் சூழலுக்கும் நீர்ச் சூழலுக்கும் உள்ள வேறுபாட்டில் பெரும்பகுதி இந்த ஒரு முரணுக்குள் அடங்கிவிடுகிறது. பாடப் புத்தகத்து உலக வரைபடத்தில் மழைக்காடு அடர்பச்சை, பாலைவனம் மஞ்சள், கடல் முழுக்க ஒரே நீலம். அதைப் பார்த்துப் பார்த்து, பச்சை என்றால் வளம், வெறுமை என்றால் வறட்சி என்று கண் பழகிவிடுகிறது. ஒரு சூழல்மண்டலத்தைப் புரிந்துகொள்ள நிறத்தைவிட மூன்று கேள்விகள் உதவும் என்பது என் எண்ணம். அங்கே எது பற்றாக்குறை? சத்து எங்கே தங்கியிருக்கிறது? அது எவ்வளவு வேகமாகச் சுற்றுகிறது?

காற்றில் நிற்பதும் நீரில் மிதப்பதும்

உயிர்களையும் அவற்றைச் சூழ்ந்த மண், நீர், காற்று, வெப்பம் ஆகியவற்றையும் பிரிக்காமல் ஒரே அமைப்பாகப் பார்க்கவேண்டும் என்று 1935இல் வாதிட்டவர் பிரிட்டிஷ் தாவரவியலாளர் ஆர்தர் டான்ஸ்லி. சூழல்மண்டலம் என்ற கருத்து அவர் தந்தது. அந்த அமைப்புக்குள் ஆற்றல் எப்படிப் பாய்கிறது என்று அளந்து காட்டியவர் அமெரிக்காவின் ரேமண்ட் லிண்ட்மன். மினசோட்டாவில் இருக்கும் ஒரு சிறிய ஏரியில் பாசி முதல் மீன் வரை கணக்கெடுத்து, ஒவ்வோர் உணவுப்படியிலும் ஆற்றலின் பெரும்பகுதி வெப்பமாகக் கழிந்துவிடுகிறது, சிறு பங்குதான் அடுத்த படிக்குப் போகிறது என்று காட்டினார். இன்று தோராயமாகப் பத்தில் ஒரு பங்கு என்று சொல்வது இந்த வழியில் வந்ததுதான். புல் ஏராளம், மான் குறைவு, புலி மிகக் குறைவு என்பதற்கு அடிப்படைக் காரணம் இதுவே. அவருடைய கட்டுரை 1942இல் அச்சேறியபோது அவர் உயிரோடு இல்லை. 27 வயது நிறைவதற்குள் நோயில் இறந்துபோயிருந்தார்.

இந்தப் பொதுவிதி நிலத்துக்கும் நீருக்கும் ஒன்றுதான். ஆனால் அது வெளிப்படும் விதம் இரண்டிலும் வேறு. அதற்குக் காரணம் சுற்றியுள்ள ஊடகம்.

நீர் காற்றைவிட ஏறத்தாழ 800 மடங்கு அடர்த்தியானது. தன்னில் இருப்பதைத் தாங்கிப் பிடிக்கும். அதனால் நீரில் ஒளிச்சேர்க்கை செய்யும் உயிருக்குத் தண்டு தேவையில்லை, கிளை தேவையில்லை. ஒற்றைச் செல்லாக மிதந்தாலே போதும். காற்று எதையும் தாங்காது. வெளிச்சத்துக்குப் போட்டி போடும் நிலத்துச் செடி, தன்னைத் தானே தூக்கி நிறுத்திக்கொள்ள வேண்டும். அதற்காக அது கட்டைக்குச் செலவு செய்கிறது. கட்டைக்கு உறுதி தரும் லிக்னினைச் செரிக்கக்கூடிய உயிர்கள் வெகு சில. பூஞ்சைகள்தான் அதில் முக்கியமானவை. எனவே காட்டில் விளைவதில் பெரும்பகுதியை யாரும் உயிரோடு தின்பதில்லை. அது நிற்கிறது, பல ஆண்டுகள் கழித்து விழுகிறது, மட்குகிறது.

கடலில் நடப்பது நேர்மாறு. தாவர மிதவை உயிரி பிறந்த சில நாட்களுக்குள் பிளந்து பெருகும், அல்லது தின்னப்படும். சேர்த்து வைக்க உடம்பில் ஒன்றும் இல்லை. இதனால் ஒரு வியப்பான நிலை: கடலில் எந்த ஒரு நாளில் எடை போட்டாலும் தின்பவற்றின் மொத்த எடை, உற்பத்தி செய்பவற்றின் எடையைவிட அதிகமாக இருக்கும். மேலே சொன்ன 2018 மதிப்பீட்டில் இது ஐந்து மடங்கு. லிண்ட்மனின் கணக்கு இங்கே பொய்த்துப் போகவில்லை. ஆற்றல் ஓட்டத்தை அளந்தால் உற்பத்தியாளர்கள்தான் அதிகம்; இருப்பை அளந்தால்தான் தலைகீழாகத் தெரிகிறது.

இன்னும் இரண்டு வேறுபாடுகளையும் சொல்லிவிடுகிறேன். நீர் மெல்லச் சூடாகி மெல்லக் குளிரும். நிலத்தின் வெப்பநிலை அண்டார்க்டிகாவின் வொஸ்தோக்கில் 1983இல் பதிவான மைனஸ் 89.2 டிகிரி முதல், வெப்பப் பாலைகளில் 50 டிகிரிக்கு மேல் வரை ஊசலாடும். திறந்த கடலின் மேல்நீர் உறைநிலைக்குச் சற்றுக் கீழே தொடங்கி 30 டிகிரிக்குச் சற்று மேலே முடிந்துவிடும். ஆனால் மூச்சு விடுவது நீரில் கடினம். ஒரு லிட்டர் காற்றில் 200 மில்லிலிட்டருக்கு மேல் ஆக்சிஜன். ஒரு லிட்டர் நீரில் 10 மில்லிலிட்டர்கூடத் தேறாது. நிலத்து உயிரின் பயம் உடல் வறண்டு போவது. நீர்வாழ் உயிரின் பயம் மூச்சுத் திணறுவது.

வெப்பமும் மழையும் போட்ட கோடுகள்

1802இல் அலெக்சாண்டர் ஃபான் ஹம்போல்ட் ஈக்வடாரின் சிம்பொராசோ மலையில் ஏறியபோது, அடிவாரத்தில் வெப்பமண்டலச் செடிகளும் மேலே போகப் போகக் குளிர்நாட்டுச் செடிகளை ஒத்தவையும் அடுக்கடுக்காக வருவதைக் குறித்துக்கொண்டார். நிலநடுக்கோட்டிலிருந்து துருவத்துக்குப் போகும் பயணத்தை ஒரே மலை சுருக்கிக் காட்டுகிறது. காடு, புல்வெளி, பாலை என நிலத்தின் பெரும் பல்லுயிர்த் தொகுதிகளை வகுப்பவை முக்கியமாக இரண்டு: சராசரி வெப்பம், ஆண்டு மழை. இந்த இரண்டும் தெரிந்தால், நேரில் பார்க்காமலே ஓரிடம் காடா, புல்வெளியா, பாலையா என்று பெரும்பாலும் சொல்லிவிடலாம். 'பெரும்பாலும்' என்ற சொல்லை வேண்டுமென்றேதான் சேர்க்கிறேன். காரணம் சவானாவில் வரும்.

மழைக்காடு முதலில். ஆண்டு முழுக்க 25 டிகிரியை ஒட்டிய சராசரி வெப்பம், 2,000 மில்லிமீட்டரைத் தாண்டும் மழை. நிலப்பரப்பில் பத்தில் ஒரு பங்குகூட இல்லாத இந்தக் காடுகளில் நிலவாழ் இனங்களில் ஏறத்தாழ பாதி வாழ்வதாகக் கருதுகிறார்கள். உச்சிக் கிளைகள் வெயிலை வடிகட்டிவிடுவதால் தரைக்கு வந்து சேரும் வெளிச்சம் நூற்றில் ஒன்றிரண்டு பங்குதான். இவ்வளவு செழிப்பைப் பார்த்தவர்கள் அடியில் இருக்கும் மண்ணும் கொழுத்ததாக இருக்கும் என்று நம்பினார்கள். அமேசானின் பெரும்பகுதியில் மண் மிக ஏழை. லட்சக்கணக்கான ஆண்டு மழை அதைக் கழுவிவிட்டது. சத்து மண்ணில் இல்லை, மரத்தில் இருக்கிறது. இலை உதிர்ந்ததும் வெப்பமும் ஈரமும் அதைச் சில மாதங்களில் மட்கவைக்கும். வெளிப்படும் சத்தை, மேலோட்டமாகப் பரவிக் கிடக்கும் வேர்களும் அவற்றோடு கூட்டு வைத்திருக்கும் பூஞ்சைகளும் உடனே இழுத்துக்கொள்ளும். சுற்று முழுக்க ஒரு மெல்லிய மேலடுக்கில் நடந்து முடிகிறது. காட்டை வெட்டி எரித்து விதைத்தால் சாம்பலின் தயவில் ஓரிரு போகம் நன்றாக வரும். அப்புறம் நிலம் கைவிட்டுவிடும். மரத்தை எடுத்துப் போகும்போது சத்துக் கிடங்கையே எடுத்துப் போகிறோம் என்பதுதான் அதற்குக் காரணம்.

மழையும் அப்படித்தான். அமேசான் படுகையில் விழும் மழையில் பெரும் பங்கு, மரங்கள் முன்பு உறிஞ்சி இலைவழியே காற்றில் விட்ட நீரே என்று பிரேசில் விஞ்ஞானி எனேயஸ் சலாட்டி 1970களில் ஐசோடோப்பு (ஒரே தனிமத்தின் எடை வேறுபட்ட அணுக்கள்) அளவீடுகளால் காட்டினார். காடு மழையைக் காத்திருந்து வாங்குவதோடு நிற்பதில்லை. தன் மழையில் கணிசமான பங்கைத் தானே திரும்பத் திரும்பப் பெய்வித்துக்கொள்கிறது.

புல்வெளி இதற்கு எதிர்ப்புறம் நிற்பது. பார்க்க ஒன்றுமில்லாதது போல இருக்கும், செல்வமெல்லாம் தரைக்குக் கீழே. மிதவெப்பப் புல்வெளிகளில் உயிர்ப்பொருளின் பெரும்பகுதி வேர்கள்தான். ஆண்டுதோறும் வேர்கள் செத்து மட்கி, குளிரும் குறைந்த மழையும் அதை முழுக்கச் சிதையவிடாமல் தடுத்து, ஆயிரக்கணக்கான ஆண்டுகளில் கறுப்பு மண் உருவாகிறது. உக்ரைனின் கரிசல் உலகின் மிக வளமான விளைநிலங்களில் ஒன்றாக இருப்பதற்கு அந்தப் பழைய புல்தான் காரணம். அதே புல்லின் வேர்ப்பிடிப்பை உழுது அறுத்தால் என்ன ஆகும் என்பதை 1930களின் வறட்சியில் அமெரிக்கப் பெருஞ்சமவெளி கண்டது. மேல்மண் புழுதிப் புயலாக எழுந்து போனது.

சவானாவுக்கு வருவோம். புல்லும் இடையிடையே மரமும் கலந்த வெப்பமண்டல நிலம். பல இடங்களில் அங்கே பெய்யும் மழை மூடுகாடு வளரப் போதுமானது. ஆனாலும் காடு வளர்வதில்லை. காரணம் தீயும் மேய்ச்சலும். கிழக்கு ஆப்பிரிக்காவின் செரங்கெட்டிச் சமவெளியில் நடந்தது இதற்கு நல்ல சாட்சி. 1890களில் ஆப்பிரிக்காவுக்குள் நுழைந்த வெக்கை நோய், கால்நடைகளோடு வில்டபீஸ்ட் மான்களையும் பல பத்தாண்டுகள் அடக்கியே வைத்திருந்தது. வளர்ப்பு மாடுகளுக்குத் தடுப்பூசி போட்டதும் காட்டு விலங்குகளிடமிருந்தும் நோய் விலகியது. 1960களின் தொடக்கத்தில் இரண்டரை லட்சம் அளவில் இருந்த வில்டபீஸ்ட் கூட்டம், 1970களின் இறுதிக்குள் பத்து லட்சத்தைத் தாண்டியது. அவை புல்லைத் தின்று தீர்த்ததால் காய்ந்த புல் குறைந்தது, தீ குறைந்தது, தீயில் கருகிவந்த மரக்கன்றுகள் பிழைத்து வளர்ந்தன. மாட்டுக்குப் போட்ட ஊசி மரத்தை வளர்த்தது. வெப்பத்தையும் மழையையும் மட்டும் வைத்து வரைபடம் போடுபவர்களுக்கு இந்தச் சங்கிலி ஒருபோதும் தெரியாது.

பாலைவனத்தில் பற்றாக்குறை எது என்று சொல்லவே வேண்டாம். ஆண்டு மழை 250 மில்லிமீட்டருக்குக் கீழே. பெரும்பாலான கள்ளிகள் பகலில் இலைத்துளைகளை மூடி, இரவில் திறந்து கார்பன் டை ஆக்சைடை உள்ளே வாங்கிச் சேமிக்கின்றன. நமீபியக் கரையோரப் பாலையில் சில வண்டுகள் கடல்மூடுபனியில் தலைகீழாக நின்று, முதுகில் படியும் துளிகளை வாய்க்கு உருட்டிக் குடிக்கின்றன. பாலைவனம் என்றால் வெப்பம் என்று நினைக்கவேண்டியதில்லை. மழையளவை வைத்துப் பார்த்தால் உலகின் மிகப் பெரிய பாலைவனம் அண்டார்க்டிகாதான்.

வடக்கே போனால் இலையுதிர்க் காடுகள், அதற்கும் மேலே கனடாவையும் ரஷ்யாவையும் சுற்றிக் கிடக்கும் டைகா. ஊசியிலை மரங்கள் ஆண்டு முழுக்க இலையை வைத்திருப்பது, குட்டையான கோடையில் ஒரு நாளையும் வீணாக்காமல் வேலையைத் தொடங்கத்தான். கிழக்கு சைபீரியாவின் கடுங்குளிரில் அதுவும் கட்டுப்படியாகாது. அங்கே லார்ச் மரம் ஊசியிலைகளையும் உதிர்த்துவிடுகிறது. இந்தக் குளிரில் மட்குவது வெகு மெதுவாக நடக்கும். ஆகையால் சத்தும் கார்பனும் தரையில் குவிந்து கிடக்கின்றன, மழைக்காட்டுக்கு நேர் எதிர். அதற்கும் வடக்கே, மரம் வளராத தூந்திராவில் இது உச்சத்துக்குப் போகிறது. கோடையில் மேலே ஓர் அடியோ சில அடிகளோ இளகும். அடியில் நிரந்தர உறைமண். வடதுருவப் பகுதிகளின் உறைமண்ணில் ஏறத்தாழ ஒன்றரை லட்சம் கோடி டன் கார்பன் இருப்பதாக மதிப்பிடுகிறார்கள். இது இன்றைய வளிமண்டலத்தில் இருப்பதைப் போல் சுமார் இரு மடங்கு. செடிகள் பெரும்பாலும் குட்டையாகவே வளரும் ஒரு நிலம், உலகின் எல்லாக் காடுகளையும்விட அதிகக் கார்பனைப் பிடித்து வைத்திருக்கிறது. மண் இளக இளக நுண்ணுயிர்கள் விழித்து அதைச் சிதைக்கத் தொடங்கும் என்பதால்தான் விஞ்ஞானிகள் இவ்வளவு கவலையோடு அதை அளந்துகொண்டிருக்கிறார்கள்.

வெளிச்சம் மேலே, சத்து கீழே

நீருக்குள் இறங்கினால் மழை என்ற கேள்வியே மறைந்துபோகிறது. வெளிச்சமும் சத்தும்தான் இனி எல்லாம். தெளிந்த கடலில்கூட 200 மீட்டருக்குக் கீழே ஒளிச்சேர்க்கைக்குப் போதுமான ஒளி இல்லை. கடலின் சராசரி ஆழமோ 3,700 மீட்டர் அளவு. ஒளி மேலிருந்து வருகிறது. செத்தவையும் கழிவும் கீழே இறங்குகின்றன. வெளிச்சம் இருக்கும் இடத்தில் சத்து தீர்ந்துகொண்டே இருக்கும், சத்து சேரும் இடத்தில் வெளிச்சம் இருக்காது. நிலத்தில் இலை உதிர்ந்தால் அந்த மரத்தின் வேரடியிலேயே மட்கும். நீரில் அந்த வசதி இல்லை. கீழ்நீர் மேலே வந்து கலந்தால்தான் உயிர் செழிக்கும்.

உலகின் மிக ஆழமான இரண்டு ஏரிகளை ஒப்பிட்டால் இது பளிச்சென்று விளங்கும். சைபீரியாவின் பைகால் 1,642 மீட்டர் ஆழம்; பனிக்கட்டி அல்லாத மேற்பரப்பு நன்னீரில் ஏறத்தாழ ஐந்தில் ஒரு பங்கு அதில்தான். ஆப்பிரிக்காவின் தங்கனிக்கா 1,470 மீட்டர். நன்னீர் 4 டிகிரியில்தான் மிகக் கனமானது. குளிர்நாட்டில் பருவம் மாறும்போது மேல்நீர் அந்த வெப்பநிலையைத் தொட்டு கனத்து இறங்குகிறது. காற்றும் சேர்ந்து ஏரியைக் கலக்குகிறது. பைகாலில் அடிவரை ஆக்சிஜன் உண்டு, அடித்தரையிலும் உயிர்கள் உண்டு. தங்கனிக்காவில் மேல்நீர் ஆண்டு முழுக்க வெதுவெதுப்பாகவும் இலேசாகவும் இருப்பதால் கீழே இறங்குவதே இல்லை. கீழ்நீருக்கு மேல் மூடி போட்டதுபோல நிற்கிறது. அதனால் அந்த ஏரியின் பெரும்பகுதி ஆழம் ஆக்சிஜன் இல்லாத, மீன் வாழ முடியாத நீர். உலகம் சூடாவதால் இந்தக் கலப்பு இன்னும் குறைந்து மேல்நீரின் விளைச்சலும் குறைந்துவருவதாக 2003இல் வெளியான ஆய்வுகள் காட்டின.

ஏரிகளில் எந்தச் சத்து பற்றாக்குறை என்பது ஒரு காலத்தில் பெரிய சர்ச்சை. 1973இல் கனடாவின் ஒண்டாரியோவில் டேவிட் ஷிண்ட்லர் குழுவினர், 226 என்று எண்ணிட்ட ஏரியின் நடுவே பிளாஸ்டிக் திரை கட்டி அதை இரண்டாகப் பிரித்தார்கள். ஒரு பக்கம் கார்பனும் நைட்ரஜனும். மறுபக்கம் அவற்றோடு பாஸ்பரஸும் சேர்த்தார்கள். பாஸ்பரஸ் போன பக்கம் பச்சைப் பாசியாகப் பொங்கியது, மற்றது தெளிந்தே இருந்தது. வானிலிருந்து எடுத்த அந்த ஒரு புகைப்படம் நூறு வாதங்களின் வேலையைச் செய்தது. சலவைத் தூள்களில் பாஸ்பேட்டைக் கட்டுப்படுத்தும் சட்டங்களுக்கு இத்தகைய ஆய்வுகள் வலு சேர்த்தன.

ஆறுகளின் இயல்பு ஓட்டம். மேல்பகுதியில் மரநிழல், அங்கே உணவு, கரையிலிருந்து விழும் இலைதான். கீழே வர வர ஆறு அகன்று வெயில் படும், பாசி வளரும். சில ஆறுகள் கரைக்குள் அடங்காமல் இருப்பதால்தான் உயிரோடு இருக்கின்றன. கம்போடியாவின் தொன்லே சாப் ஆற்றில், மழைக்காலத்தில் மெக்கோங் வெள்ளம் புகுந்து ஓட்டத்தையே திருப்பிவிடும். ஏரி பல மடங்கு விரிந்து சுற்றியுள்ள காட்டை மூழ்கடிக்கும். மூழ்கிய காட்டில் மீன்கள் மேய்ந்து பெருகும். வெள்ளம் அங்கே பேரிடர் இல்லை, பருவம்.

நிலமும் நீரும் சந்திக்கும் சதுப்புகளைப் பயனற்ற நிலம் என்று மனிதர்கள் வடித்துவந்தது பெருந்தவறு. நீர் தேங்கிய மண்ணில் ஆக்சிஜன் இல்லை, அதனால் மட்குவதில்லை. பாதி சிதைந்த செடிகள் அடுக்கடுக்காகச் சேர்ந்து பீட் மண் ஆகின்றன. நிலப்பரப்பில் வெறும் 3 சதவீதம் இருக்கும் பீட் நிலங்களில், உலகக் காடுகளின் மரங்கள் அனைத்திலும் உள்ளதைவிட அதிகக் கார்பன் இருக்கிறது. கழிமுகங்களிலும் அலையாத்திக் காடுகளிலும் சத்துக்குப் பஞ்சம் இல்லை. ஆறும் கடலும் இரண்டு பக்கமிருந்தும் கொண்டுவந்து கொட்டுகின்றன. உப்பும் மூச்சும்தான் அங்கே சோதனை. அலையாத்தியின் சில இனங்கள் உப்பை வேரிலேயே தடுக்கின்றன, சில இலைவழியே கசியவிடுகின்றன. சேற்றிலிருந்து மேல்நோக்கி நீளும் மூச்சுவேர்கள் காற்றை வாங்கிக் கீழே அனுப்புகின்றன.

நீலம் தெளிவாக இருந்தால்

வெப்பமண்டலக் கடலின் அந்தத் தெளிந்த நீலம், அங்கே மிதவை உயிர்கள் குறைவு என்பதன் அடையாளம். சதுர மீட்டருக்கு விளைவதைப் பார்த்தால் நடுக்கடல் பாலைக்குச் சமம். ஆனால் அது பரந்து கிடப்பதால் மொத்தத்தில் கணக்கு பெரிதாகிறது. அந்த வறிய நீரை ஆள்வது புரோக்ளோரோகாக்கஸ் என்ற பாக்டீரியா. அரை மைக்ரான், அதாவது மில்லிமீட்டரில் இரண்டாயிரத்தில் ஒரு பங்கு அளவுதான். சாலி சிஷோல்மும் உடன் ஆய்வாளர்களும் 1980களின் நடுவில்தான் அதைக் கண்டுபிடித்தார்கள். பூமியில் எண்ணிக்கையில் மிக அதிகமான ஒளிச்சேர்க்கை உயிர் அதுதான் என்று கருதப்படுகிறது. அதுவரை யாருக்கும் அது தெரியாது என்பதை நினைத்தால் இன்றும் வியப்பாக இருக்கிறது.

சில கடல்களில் நைட்ரஜனும் பாஸ்பரஸும் இருந்தும் விளைச்சல் இல்லை. இரும்பு இல்லாததே காரணம் என்று அமெரிக்கக் கடலியலாளர் ஜான் மார்ட்டின் வாதிட்டார். 1993இல் கலபகாஸ் தீவுகளுக்கு அருகே கடலில் இரும்பைக் கரைத்துப் பார்த்தபோது மிதவைகள் பெருகின. மார்ட்டின் அதற்குச் சில மாதங்கள் முன்புதான் இறந்திருந்தார்.

கீழ்நீர் தானாக மேலே வரும் இடங்கள் கடலின் பொன்விளையும் பூமி. பெரு நாட்டுக் கரையில் காற்று மேல்நீரை வெளியே தள்ள, ஆழத்துக் குளிர்நீர் சத்தோடு எழுகிறது. அங்கே பெருகும் நெத்தலி இன மீனை நம்பி உலகின் மிகப் பெரிய ஒற்றை இன மீன்பிடிப்பு வளர்ந்தது; 1970இல் பிடிபட்டது ஒரு கோடியே 20 லட்சம் டன்னுக்கு மேல். 1972இல், பசிபிக் கடலை அவ்வப்போது சூடாக்கும் எல் நினோ வந்தது, வெதுவெதுப்பான நீர் மேலே படர்ந்தது, மேலெழும் சத்து நின்றது. அளவுக்கு மீறிய பிடிப்பும் அதோடு சேர, தொழில் சரிந்தது.

பவளத்திட்டு ஒரு புதிர். சத்தில்லாத நீலக்கடலில், கடல்தரையில் ஒரு சதவீதத்துக்கும் குறைவான பரப்பில், கடல் இனங்களில் கால்வாசி வாழ்கிறது. பவள உயிரியின் திசுவுக்குள்ளேயே வாழும் நுண்பாசி உணவு செய்து தருகிறது, பவளத்தின் கழிவு பாசிக்கு உரமாகிறது. சத்தை வெளியே விடாத இறுக்கமான சுற்று, மழைக்காட்டைப் போலவே. நீர் வழக்கமான கோடை உச்சத்தைவிட ஒரு டிகிரி கூடிச் சில வாரங்கள் நீடித்தால் இந்தக் கூட்டு முறிந்து, பாசி வெளியேறி, பவளம் வெளுக்கிறது. 1998இல் உலகளவில் இது நடந்தது. அதன்பின் மேலும் மூன்று முறை நடந்துவிட்டது.

குளிர்கடலில் பவளத்தின் இடத்தில் கெல்ப் என்ற பெரும்பாசிக் காடுகள். அலாஸ்காவின் அலூஷன் தீவுகளில், ரோமத்துக்காக வேட்டையாடப்பட்ட கடல் நீர்நாய்கள் திரும்பிவந்த தீவுகளில் கெல்ப் செழித்திருந்தது. வராத தீவுகளில், நீர்நாய்களின் இரையான கடல் முள்ளெலிகள் (முள்பந்து போன்ற சிறு கடலுயிர்கள்) தின்பாரின்றிப் பெருகி, கெல்ப்பை அடியோடு மேய்ந்து வெறும் பாறை ஆக்கியிருந்தன. ஜேம்ஸ் எஸ்டஸும் ஜான் பல்மிசானோவும் 1974இல் இதை எழுதினார்கள்.

வெளிச்சமே எட்டாத ஆழத்தில் உயிர்கள், மேலிருந்து தூறும் செத்த துணுக்குகளை நம்பியே வாழ்கின்றன என்றுதான் நம்பியிருந்தார்கள். 1977இல் கலபகாஸ் பிளவில் சுமார் 2,500 மீட்டர் ஆழத்தில் ஆல்வின் நீர்மூழ்கி வெந்நீர் ஊற்றுகளைக் கண்டது. வாயும் குடலும் இல்லாத பெரிய குழாய்ப்புழுக்கள் உட்பட ஓர் உயிர்க்கூட்டம், ஹைட்ரஜன் சல்பைடிலிருந்து ஆற்றல் எடுக்கும் பாக்டீரியாக்களை நம்பி அங்கே இருந்தது. சூரிய ஒளிதான் எல்லா உணவுக்கும் அடிப்படை என்ற விதிக்கு அன்று விலக்கு கிடைத்தது.

எல்லையைத் தாண்டும் சத்து

இப்படி நிலம், நீர் என்று தனித்தனியாகச் சொல்வது விளக்குவதற்கு வசதி. சத்து அந்தக் கோட்டை மதிப்பதில்லை. பசிபிக் சால்மன் மீன்கள் கடலில் வளர்ந்து, ஆறேறி முட்டையிட்டுச் சாகின்றன. கரடிகள் அவற்றைக் காட்டுக்குள் இழுத்துப் போய்ப் பாதியைத் தின்று மீதியை அங்கேயே போட்டுவிடுகின்றன. கடலில் இருந்து வந்த நைட்ரஜனை ஆற்றோர மரங்களில் அடையாளம் கண்டிருக்கிறார்கள். சகாராவின் புழுதி அட்லாண்டிக்கைத் தாண்டி அமேசானில் விழுகிறது. அதில் ஆண்டுக்குச் சுமார் 22,000 டன் பாஸ்பரஸ் போய்ச் சேர்வதாக 2015இல் செயற்கைக்கோள் தரவுகளைக் கொண்டு கணித்தார்கள். உலகின் வறண்ட நிலம் உலகின் பெருங்காட்டுக்கு உரமிடுகிறது.

கெடுதலும் அதே வழியில் பயணம் செய்கிறது. மிசிசிப்பிப் படுகையின் வயல்களில் இட்ட நைட்ரஜன் உரம் மழையில் கரைந்து மெக்சிகோ வளைகுடாவுக்குப் போகிறது. பாசி பெருகி, செத்து, அடியில் மட்கும்போது ஆக்சிஜன் தீர்ந்துவிடுகிறது. ஒவ்வொரு கோடையிலும் பல ஆயிரம் சதுர கிலோமீட்டர் அடிக்கடல் இப்படி மூச்சற்றுப்போகிறது.

சத்து எங்கே இருக்கிறது, எவ்வளவு வேகத்தில் சுற்றுகிறது என்ற கேள்விகள் நடைமுறையில் உதவுவது, கெட்டதைச் சரிசெய்யும்போதுதான். வேகமாகச் சுற்றுவது வேகமாகத் தேறவும் கூடும். அமெரிக்காவின் சியாட்டில் அருகே உள்ள வாஷிங்டன் ஏரி கழிவுநீரால் பாசிபடிந்து கலங்கியிருந்தது. 1963 முதல் 1968 வரை கழிவுநீரை ஏரிக்கு வராமல் திருப்பிவிட்டார்கள். சில ஆண்டுகளிலேயே நீர் தெளிந்துவிட்டது. பீட் நிலத்தில் அது நடக்காது; நல்ல நிலையில்கூட பீட் ஆண்டுக்கு ஒரு மில்லிமீட்டர் அளவுதான் வளரும். ஒரு மீட்டரை இழந்தால் திரும்பி வர ஆயிரம் ஆண்டு.

மரம் நட்டால் எங்கும் நல்லதுதான் என்ற எண்ணத்தை நான் ஏற்காததும் இதனால்தான். புல்வெளியில் மரம் நட்டால் புல்லை நம்பிய உயிர்கள் போகும், நிலத்தடி நீர் இறங்கும். ஸ்காட்லாந்தின் வடக்கே ஃப்ளோ கன்ட்ரி என்ற பெரும் பீட் பரப்பு இருக்கிறது. 1980களில் வரிச்சலுகையைப் பயன்படுத்தி அங்கே வாய்க்கால் வெட்டி, நீரை வடித்து, ஊசியிலை மரங்களை நட்டார்கள். பீட் காய்ந்தது, ஆயிரக்கணக்கான ஆண்டுகள் அடைபட்டிருந்த கார்பன் வெளியேறத் தொடங்கியது, சதுப்பில் கூடுகட்டிய பறவைகள் விலகின. 1988இல் வரிச்சலுகை நிறுத்தப்பட்டது. அதன்பின் அந்த மரங்களை வெட்டி, வாய்க்கால்களை அடைத்து, நீரை மீண்டும் தேங்கவைக்கும் வேலை நடந்துவருகிறது. 2024இல் ஃப்ளோ கன்ட்ரி யுனெஸ்கோவின் உலகப் பாரம்பரியப் பட்டியலில் சேர்ந்தது.